மாதம் கட்டாத டிவி: டிடி ஃப்ரீ டிஷ் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2019 மார்ச் 1-ஆம் தேதி ஸ்டார் உத்சவ், ஜீ அன்மோல், சோனி பல், ரிஷ்தே என்ற நான்கு இந்திச் சேனல்கள், தூர்தர்ஷனின் மாதக் கட்டணமில்லாத டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷிலிருந்து விலகின. அதே நிறுவனங்களின் சினிமா சேனல்களும் கூடவே கிளம்பின. தமிழ்நாட்டில் இது ஒரு செய்தியே அல்ல. நம்மில் பலர் இந்தச் சேனல்களின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டோம். ஆனால் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ராஜஸ்தானிலும் எத்தனையோ கிராமத்து வீடுகளுக்கு டிவி என்றாலே இவைதான். கட்டணச் சேனல்களில் சில வருடங்களுக்கு முன் ஓடி முடிந்த தொடர்களை இவை திரும்பப் போட்டுக்கொண்டிருந்தன. பார்ப்பவர் பைசா தர வேண்டியதில்லை.

காலியான இடத்தில் 'தங்கல்' என்ற சேனல் வந்து உட்கார்ந்தது. பெரிய குழுமம் எதையும் சேராத ஒரு மும்பை நிறுவனத்தின் சேனல் அது. அப்போது அது காட்டியதும் பெரும்பாலும் பழைய தொடர்கள்தான். சில மாதங்களுக்குள், பார்வையாளர் அளவீட்டு அமைப்பான பார்க்கின் வாரப் பட்டியலில், அடிக்கடி முதலிடம் பிடித்துவந்த சன் டிவியையும் தாண்டி நாட்டிலேயே அதிகம் பார்க்கப்படும் சேனலாக அது பல வாரங்கள் இருந்தது. விளம்பரக்காரர்கள் தலையைச் சொறிந்தார்கள். விலகிய நான்கும் 2020 ஜூனில் திரும்பி வந்தன. 2022 ஏப்ரலில் மறுபடி வெளியேறின.

இந்தப் போக்குவரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், வளரும் நாடுகளில் டிவி எந்தத் திசையில் போகிறது என்பது தொழில்நுட்பக் கண்காட்சிகளில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரிகிறது என்பது என் எண்ணம். செல்போன் டிவியைத் தின்றுவிடும், இணையம் வந்தால் டிஷ் தேவைப்படாது என்றெல்லாம் வருடா வருடம் சொல்கிறார்கள். ஆனால் ஃப்ரீ டிஷ் இந்த இணையக் காலத்தில்தான் வளர்ந்தது. அதன் கதையில் தொழில்நுட்பத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: காசு யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது?

கோபுரத்துக்கு மாற்றாக வந்தது

2004 டிசம்பர் 16-இல் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் ஃப்ரீ டிஷ்ஷைத் தொடங்கிவைத்தார். 33 சேனல்கள். வியாபாரம் அதன் நோக்கமாக இருக்கவில்லை. தூர்தர்ஷனின் கோபுரங்கள் மக்கள்தொகையில் பெரும்பகுதியை எட்டியிருந்தன. மீதமிருந்தவை மலைகள், எல்லை ஊர்கள், பழங்குடிப் பகுதிகள். சில ஆயிரம் பேருக்காக ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரு கோபுரம் நட்டு, ஆள் போட்டு, டீசல் ஊற்றிப் பராமரிப்பதைவிட வானத்திலிருந்து ஒரே வீச்சில் இறக்குவது மலிவு. அந்தக் கணக்கில் பிறந்ததுதான் இது.

இந்தக் கணக்கு இந்தியாவுக்குப் புதிதும் இல்லை. 1975 ஆகஸ்ட் 1 முதல் ஒரு வருடம், அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவிடம் கடன் வாங்கிய ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோவும் அகில இந்திய வானொலியும் நிகழ்ச்சிகளை நேரடியாக இறக்கிக் காட்டின. கோழி வலை போன்ற கம்பி வலையில் செய்த, மூன்று மீட்டர் அகலமான ஆன்டெனாக்கள். ஊருக்கு ஒரு டிவி. விவசாயம், சுகாதாரம், பள்ளிப் பாடம். அந்தப் பரிசோதனையின் நோக்கம் ஏழைக்குப் பாடம் நடத்துவது. முப்பது வருடம் கழித்து வந்த ஃப்ரீ டிஷ் என்ன காட்டுவது என்பதைச் சந்தையிடம் விட்டுவிட்டது. இரண்டில் எது மக்களுக்கு மரியாதை கொடுத்தது என்று கேட்டால், மாமியார் மருமகள் சண்டையைத் திரும்பத் திரும்பப் போட்ட இரண்டாவதுதான் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. பார்ப்பவர் தேர்ந்தெடுத்தார் அல்லவா?

தொழில்நுட்பம் எளிமையானது. தனியார் டிடிஎச்சில் சிக்னல் பூட்டி வரும். பாக்ஸில் உள்ள அட்டை அதைத் திறக்கும். பணம் கட்டாவிட்டால் அட்டை செத்துவிடும். ஃப்ரீ டிஷ்ஷின் பழைய சிக்னலில் பூட்டே இல்லை. ஒரு சிறிய டிஷ், அதில் சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற கருவி, ஏதாவது ஒரு கம்பெனியின் பாக்ஸ், டிஷ்ஷை 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 பக்கம் திருப்பிவைக்கத் தெரிந்த ஒரு மெக்கானிக். சந்தையில் மொத்தமாக 1,500 முதல் 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அப்புறம் செலவே கிடையாது.

153 ரூபாய் 40 பைசா

2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை அமலுக்கு வந்தது. எந்தச் சேனல் வேண்டுமோ அதற்கு மட்டும் பணம் கட்டலாம் என்பது கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கட்டணச் சேனல் ஒன்றைக்கூடத் தேர்ந்தெடுக்கும் முன்பே, நூறு இலவசச் சேனல்களைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு 130 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மாதம் 153 ரூபாய் 40 பைசா. வருடத்துக்குச் சுமார் 1,840 ரூபாய். அதாவது ஒரு ஃப்ரீ டிஷ் பாக்ஸின் விலை.

கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டில் பணம் சீராக வருவதில்லை. அறுவடையின்போது வரும், திருப்பூரிலோ சூரத்திலோ வேலை பார்க்கும் மகன் அனுப்பும்போது வரும், சில மாதம் வரவே வராது. கையில் பணம் இருக்கும் நாளில் ஒரு பாக்ஸ் வாங்கிவிட முடியும். மாதா மாதம் ஒரு தொகையை எடுத்துவைப்பதுதான் கஷ்டம். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் இன்னொரு எரிச்சலும் உண்டு. ரீசார்ஜ் செய்த முப்பது நாளில் பத்து நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் முப்பது நாளும் கழிந்துவிடும். ஃப்ரீ டிஷ் வீட்டில் அந்த வயிற்றெரிச்சல் இல்லை.

விலை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சராசரி மாதச் செலவைப் பார்க்கின்றன. ஏழை வீட்டுக்கு சராசரி என்று ஒன்று கிடையாது என்பதை அவை கண்டுகொள்வதில்லை.

காசு கொடுப்பவர் சேனல்காரர்

பார்ப்பவர் கொடுக்கவில்லை என்றால் வேறு யாராவது கொடுத்தாக வேண்டும். ஃப்ரீ டிஷ்ஷில் இடம் பிடிக்கத் தனியார் சேனல்கள், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குப் பணம் கட்டுகின்றன. 2011 முதல் அந்த இடங்களை இணைய ஏலத்தில் விடுகிறார்கள். இப்போது வகைக்கு ஒரு கூடை, கூடைக்கு ஒரு தொடக்க விலை. இந்திப் பொழுதுபோக்குச் சேனலுக்கான கூடையில் தொடக்க விலையே வருடத்துக்குப் பத்துக் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24 ஆண்டுக்கான ஏலத்தில் மட்டும் வருமானம் ஆயிரம் கோடி ரூபாயை எட்டியதாகச் செய்திகள் வந்தன. மலைக்கிராமங்களுக்கு தூர்தர்ஷனைக் கொண்டுபோகத் தொடங்கிய திட்டம், தூர்தர்ஷனுக்கே சோறு போடும் திட்டமாகிவிட்டது.

சேனல்கள் ஏன் இவ்வளவு கொடுக்க முன்வந்தன? விடை 2015 அக்டோபரில் இருக்கிறது. அதுவரை நாட்டில் டிவி பார்ப்பதை அளந்த கருவிகள் நகரங்களில் மட்டுமே இருந்தன. கிராமத்து மனிதர் எவ்வளவு நேரம் டிவி பார்த்தாலும் கணக்கில் வரமாட்டார். கணக்கில் வராதவருக்கு விளம்பரம் இல்லை, விளம்பரம் இல்லாதவருக்கு நிகழ்ச்சி இல்லை. அந்த மாதம் பார்க் கிராமப்புறத்தையும் சேர்த்து அளக்கத் தொடங்கியது. யாரும் பெரிதாக நினைக்காத மறுஒளிபரப்புச் சேனல்கள் பட்டியலில் மேலே ஏறின. சோப்பும் பற்பசையும் பிஸ்கட்டும் விற்கிறவர்களுக்கு வட இந்தியக் கிராமம் திடீரென்று கண்ணில் பட்டது. செயற்கைக்கோள் 2004-லேயே வந்துவிட்டது, பாக்ஸும் கடைகளில் இருந்தது. ஆனால் வியாபாரம் சூடுபிடித்தது அளவுகோல் கிராமத்துக்குப் போன பிறகுதான். வளரும் நாடுகளில் டிவியின் எதிர்காலம் பற்றிய விவாதங்களில் இந்த அளவுகோல் விஷயம் அநேகமாக வருவதே இல்லை. அலைவரிசையைப் பற்றிப் பத்துப் பேர் பேசினால் அளவீட்டைப் பற்றி ஒருவர் பேசினாலே அதிகம்.

இப்போது 2019-க்குத் திரும்புவோம். அந்த நான்கு நிறுவனங்களுக்கும் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஒரு பக்கம் ஃப்ரீ டிஷ்ஷில் கிடைக்கும் விளம்பரப் பணம். மறுபக்கம் கேபிளிலும் டிடிஎச்சிலும் வரும் சந்தாப் பணம். ஒரே சேனலை ஃப்ரீ டிஷ்ஷில் இலவசமாகவும் மற்ற இடங்களில் காசுக்கும் கொடுப்பது எப்படி நியாயம் என்று கேபிள், டிடிஎச் நிறுவனங்கள் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தன. புதிய கட்டண முறையில் ஒரு சேனல் இலவசமா கட்டணமா என்று சேனல் நிறுவனமே அறிவிக்க வேண்டியிருந்தது. அவர்கள் கட்டணத்தின் பக்கம் போனார்கள். இலவசம் போய்விட்டால் கிராமத்து வீடுகள் மெல்லச் சந்தாவுக்கு வந்துவிடும் என்பது நம்பிக்கை.

வரவில்லை. ஃப்ரீ டிஷ் வீடுகள் அதே பாக்ஸில் என்ன கிடைத்ததோ அதைப் பார்த்தன. தங்கல் மேலே போனதன் ரகசியம் அவ்வளவுதான். பார்வையாளர்கள் சேனலுக்கு விசுவாசமாக இருப்பார்கள் என்று நினைத்தவர்களுக்கு, அவர்கள் மாதம் கட்டாமல் இருப்பதற்குத்தான் விசுவாசமாக இருக்கிறார்கள் என்று தெரிந்தது. 2020-இல் ஊரடங்கு வந்து, விளம்பரச் சந்தை படுத்து, தூர்தர்ஷன் எண்பதுகளின் இதிகாசத் தொடர்களைத் தூசி தட்டிப் போட்டுக் கூட்டத்தை அள்ளிய பிறகு, நான்கும் ஜூனில் திரும்பின. 2022-இல் மறுபடி கிளம்பியபோதும் பழைய காரணம்தான்: சந்தாவைக் காப்பாற்ற வேண்டும்.

காப்பாற்ற முடிந்ததா? டிராயின் கணக்குப்படி தனியார் டிடிஎச்சின் செயல்படும் சந்தாதாரர்கள் 2020 கடைசியில் சுமார் 7 கோடி. 2025 மார்ச்சில் 5.7 கோடிக்கும் கீழே. ஃப்ரீ டிஷ்ஷோ 2019 வாக்கில் மூன்று கோடி வீடுகள் என்று மதிப்பிடப்பட்டது, 2023-இல் நாலரைக் கோடி என்றார்கள். இந்த இரண்டாவது எண்ணை மதிப்பீடு என்று மட்டுமே சொல்ல முடியும். காரணம் கடைசியில் வருகிறது.

போன் வந்து என்ன செய்தது

2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் டேட்டா விலை சரிந்தது. ஆளுக்கொரு திரை கையில் வந்தது. ஐபிஎல்லின் 2023–27 இந்திய ஒளிபரப்பு உரிமை ஏலத்தில் டிவி உரிமை 23,575 கோடிக்கும், இணைய உரிமை அதைவிடச் சற்று அதிகமாக 23,758 கோடிக்கும் போனது. முதல் முறையாக இணையம் டிவியை முந்தியது. 2023-இல் ஜியோ சினிமா போட்டிகளைப் போனில் இலவசமாகவே காட்டியது. டிவிக்கு நாள் குறித்தாயிற்று என்று எழுதியவர்கள் பலர்.

போனும் டிவியும் நேருக்கு நேர் மோதுகின்றன என்று எடுத்துக்கொண்டால் அந்த முடிவு சரி. ஆனால் வீட்டுக்குள் நடப்பது வேறு. மாதம் ஒரு ரீசார்ஜ்தான் முடியும் என்ற நிலையில் எதை வெட்டுவார்கள்? போனை வெட்ட முடியாது. வேலைக்குக் கூப்பிடுவதும் பணம் அனுப்புவதும் பிள்ளையின் பள்ளிச் செய்தி வருவதும் அதில்தான். வெட்டப்படுவது டிடிஎச் ரீசார்ஜ். வெட்டியவுடன் டிவிப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை. ஃப்ரீ டிஷ் பாக்ஸ் ஒன்று வாங்கி மாட்டுகிறார்கள். போன் அழித்தது டிவியை அல்ல, சந்தாவை. வசதியானவர்கள் இணைய டிவிக்குப் போனார்கள், இல்லாதவர்கள் இலவச டிவிக்கு. நடுவில் இருந்த கேபிளும் கட்டண டிடிஎச்சும் இரண்டு பக்கமும் தேய்கின்றன.

போன் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்த பெண்கள் நூற்றுக்கு 54 பேர். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம். அந்த எண்கள் இப்போது கூடியிருக்கும், ஆனால் இடைவெளி ஒரேயடியாக மறைந்துவிடாது. மதியம் வேலை முடித்து உட்காரும் பெண்ணுக்குச் சுவரில் இருக்கும் டிவி யார் அனுமதியும் இல்லாமல் கிடைக்கிறது. டேட்டா தீர்ந்துபோகும் பயமும் இல்லை. வளரும் நாடுகளில் டிவி எத்தனை வருடம் தாங்கும் என்று கணிக்கிறவர்கள் இந்த மதிய வேளையை மறந்துவிட்டுக் கணிக்கிறார்கள்.

ஏன் தமிழ்நாட்டுக்கு வரவில்லை

இந்த ஆய்வின் பலவீனமான பக்கம் நம் ஊரில் இருக்கிறது. பாக்ஸுக்கு மொழி தெரியாது, ஏலத்துக்குத் தெரியும். இந்தி பேசும் மாநிலங்களில் கோடிக்கணக்கான ஃப்ரீ டிஷ் வீடுகள் ஒரே மொழியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே கோடிகளைக் கொட்டி ஒரு இடம் வாங்கினாலும் இந்திச் சேனலுக்குக் கட்டுபடியாகும். தமிழ்ச் சேனலுக்கு ஆகாது, ஏனென்றால் தமிழ்நாட்டில் ஃப்ரீ டிஷ் வீடுகள் குறைவு. வீடுகள் ஏன் குறைவு? பார்க்கத் தனியார் தமிழ்ச் சேனல்கள் அநேகமாக இல்லை. கோழியா முட்டையா கதை. முன்பு பொதிகை என்று இருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழ் அதில் உண்டு. அதை மட்டும் நம்பி யார் டிஷ் வாங்குவார்கள்?

இங்கே அதே வேலையை வேறு வழியில் மாநில அரசு செய்தது. 2006-இல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011-இல் வந்த அதிமுக அரசு, தூங்கிக்கிடந்த அரசு கேபிள் டிவி நிறுவனத்தை எழுப்பி மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தது. பெட்டியை ஒருவர் கொடுத்தார், வயரை இன்னொருவர் கொடுத்தார். அரசியலை ஒதுக்கிவைத்துப் பார்த்தால் இது ஒரு முழுமையான டிவிக் கொள்கை, யாரும் அப்படித் திட்டமிடவில்லை என்றாலும். 2017-இல் டிஜிட்டலுக்கு மாறியபோது பாக்ஸும் இலவசமாக வந்தது. ஆனால் 2019-இன் கட்டண முறை அரசு கேபிளையும் விடவில்லை. 70 ரூபாய்க் காலம் போயே போயிற்று.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. ஃப்ரீ டிஷ் விளம்பரத்தால் வாழ்கிறது என்றால், விளம்பரக்காரர் கணக்குப் போட்டுத் தகும் என்று நினைக்கும் மொழிக்கு மட்டுமே அது வாழும். பழங்குடி மொழிகளான கோண்டி பேசுகிறவருக்கும் சந்தாலி பேசுகிறவருக்கும் அதன் வழியே வருவது பெரும்பாலும் இந்திதான். 2023 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த, ஒலிபரப்பு வசதிகளை மேம்படுத்தும் பைண்ட் திட்டத்தில், எல்லை, பழங்குடி, நக்சல் பாதிப்புப் பகுதிகளுக்கு எட்டு லட்சம் ஃப்ரீ டிஷ் பாக்ஸ்களை இலவசமாகக் கொடுக்க இடம் இருந்தது. பாக்ஸைக் கொடுக்கலாம். அந்த மொழியில் ஒரு நல்ல தொடர் எடுக்கப் பணம் கொடுப்பது யார்?

கென்யாவில் திரை இருண்டபோது

இதே கேள்வியை வேறு நாடுகள் எப்படிக் கையாண்டன என்பதற்கு ஒரு எதிர்மாறான உதாரணம் கென்யா. 2006-இல் ஜெனீவாவில் போட்ட சர்வதேச ஒப்பந்தம் ஒன்றின்படி ஆப்பிரிக்க நாடுகள் பழைய அனலாக் ஒளிபரப்பை விட்டு டிஜிட்டலுக்கு மாற 2015 ஜூன் 17 கெடு. கென்யா 2009-லேயே தொடங்கியது. இடையில், டிஜிட்டல் சிக்னலை விநியோகிக்கும் உரிமம் அரசு நிறுவனம் ஒன்றுக்கும் சீனத் தொடர்புடைய ஒரு நிறுவனத்துக்கும் போக, நாட்டின் பெரிய ஊடக நிறுவனங்கள் நீதிமன்றம் ஏறின. 2015 பிப்ரவரி 14-இல் அனலாக் நிறுத்தப்பட்டது. என்டிவி, கேடிஎன், சிட்டிசன் ஆகியவை திரையில் இல்லாமல் போயின, மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவான நாட்களுக்கு. நாட்டில் அதிகம் பார்க்கப்பட்ட சேனல்கள் அவை. பாக்ஸ் வாங்கியவர்களுக்கும் அவை கிடைக்கவில்லை.

சண்டை சிக்னலைக் கொண்டுபோகும் உரிமம் யாருக்கு என்பது பற்றி. ஆனால் இருட்டில் உட்கார்ந்தவர் பார்வையாளர். பாக்ஸ் செலவும் அவர் தலையில்தான். இந்தியாவில் அனலாக் கோபுரங்கள் 2022 வாக்கில் சத்தமில்லாமல் மூடப்பட்டன, சுமார் ஐம்பதை மட்டும் விட்டுவைத்து. அதற்குள் பெரும்பாலான வீடுகள் தாங்களாகவே கேபிளுக்கோ டிஷ்ஷுக்கோ போயிருந்தன. ஆகவே சண்டை போட ஆள் இல்லை.

மெக்சிகோ வேறு மாதிரி செய்தது. 2015 டிசம்பர் 31-இல் அனலாக்கை அணைப்பதற்குள் ஏழை வீடுகளுக்கு ஏறத்தாழ ஒரு கோடி டிஜிட்டல் டிவிகளை அரசே கொடுத்துவிட்டது. தென்னாப்பிரிக்கா கொடுக்கிறேன் கொடுக்கிறேன் என்று இழுத்தது. பாக்ஸ் போய்ச் சேராத வீடுகள் இருக்கும்போதே, உரிய கலந்தாலோசனை இல்லாமல் அமைச்சர் குறித்த ஒரு கெடுவை அரசமைப்பு நீதிமன்றம் 2022-இல் ரத்து செய்தது. 2025-இல் இன்னொரு கெடுவையும் நீதிமன்றம் தடுத்தது. இந்த இழுபறிக்கு நடுவே அங்கே ஓப்பன்வியூ என்ற தனியார் செயற்கைக்கோள் சேவை 2013 முதல் நடக்கிறது. ஒருமுறை பாக்ஸ் வாங்கினால் போதும், சந்தா கிடையாது. முப்பது லட்சம் பாக்ஸ்களைத் தாண்டிவிட்டது. அரசின் கையில் இருந்தாலும் தனியார் கையில் இருந்தாலும், பார்ப்பவர் ஒருமுறை கொடுத்தால் போதும் என்ற வழி இரண்டு கண்டங்களில் தானாகவே வேர்விட்டிருக்கிறது.

வாசல் யார் கையில்

ஃப்ரீ டிஷ்ஷைப் புகழ்ந்து முடித்துவிட முடியாது. வாசல் அரசின் கையில் இருக்கிறது. 2017-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஏலத்தை நிறுத்திவைத்தது. ஒரு வருடத்துக்கு மேல் புதிய ஏலம் இல்லை. எந்தச் சேனல் உள்ளே, எது வெளியே, எந்தக் கூடைக்கு என்ன தொடக்க விலை என்பதெல்லாம் ஒரு நிறுவனத்தின் முடிவு. நாலரைக் கோடி வீடுகளுக்குச் செய்தி போகும் வழி இது என்று நினைத்தால் கொஞ்சம் கவலை வரத்தான் செய்யும். கேபிள்காரர் சேனலைத் தூக்கினால் டிடிஎச்சுக்குப் போகலாம். ஃப்ரீ டிஷ் வீட்டுக்கு இரண்டாவது இலவச வழி இல்லை.

அடுத்த வழியாகச் சொல்லப்படுவது டி2எம். சிம் கார்டும் டேட்டாவும் இல்லாமல், கோபுரத்திலிருந்து நேராகப் போனுக்கே டிவியை இறக்குவது. ஐஐடி கான்பூரும் பெங்களூரின் சாங்க்யா லேப்ஸும் சேர்ந்து சோதனைகள் நடத்தியிருக்கின்றன. கேட்க அழகான யோசனை. ஆனால் போனுக்குள் தனி சிப் வேண்டும். போன் செய்கிறவர்கள் விலை ஏறும் என்கிறார்கள், டேட்டா விற்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கோ இலவச வீடியோ பிடிக்காது. தூர்தர்ஷன் மூடிக்கொண்டுவந்த கோபுரங்களின் வேலை வேறு வடிவில் திரும்ப வருவதைப் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. பிரசார் பாரதி 2024 நவம்பரில் வேவ்ஸ் என்ற இணையச் செயலியையும் தொடங்கியது. அதைப் பற்றிச் சொல்ல இப்போதைக்கு அதிகம் இல்லை.

பாக்ஸ் எங்கே இருக்கிறது

ஃப்ரீ டிஷ்ஷின் உண்மையான நெருக்கடி இதைவிடச் சாதாரணமானது. அதிக விலைக்குப் போகும் இடங்கள் எம்பெக்-2 என்ற பழைய சுருக்க முறையில் இருக்கின்றன. தொண்ணூறுகளின் தொழில்நுட்பம் அது. எம்பெக்-4 முறைக்கு மாறினால் அதே செயற்கைக்கோள் இடத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு சேனல்களை அடைக்கலாம். தமிழுக்கும் ஒடியாவுக்கும் அசாமிக்கும் இடம் வரும், ஏல விலை இறங்கும், சிறிய சேனலும் நுழையலாம். எம்பெக்-4 இடங்களும் ஏலத்துக்கு வருகின்றன. ஆனால் எம்பெக்-2 விலையில் ஒரு சிறு பங்குக்குத்தான் போகின்றன, ஏனென்றால் அவற்றைப் பார்க்கக்கூடிய பாக்ஸ் எல்லா வீடுகளிலும் இல்லை.

எம்பெக்-2-ஐ அணைத்துவிட்டால் கடைத்தெருவில் வாங்கிய பழைய பாக்ஸ்கள் ஒரே நாளில் குப்பையாகும். கென்யாவின் கதை இங்கே பல மடங்கு பெரிதாக நடக்கும். அணைக்காவிட்டால் பற்றாக்குறை நீடிக்கும். பற்றாக்குறை நீடிக்கும் வரை ஏலத்தில் விலை ஏறும், பிரசார் பாரதியின் கல்லாப்பெட்டி நிறையும். ஆகவே அவசரம் யாருக்கும் இல்லை.

தனியார் டிடிஎச் நிறுவனம் என்றால் சந்தாதாரர் பட்டியலை எடுத்து, வீடு வீடாக ஆள் அனுப்பிப் புதிய பாக்ஸை மாற்றிவிடும். ஃப்ரீ டிஷ்ஷில் அட்டை இல்லை, சந்தா இல்லை, பதிவு இல்லை. பாக்ஸை விற்ற கடைக்காரர் யார் வாங்கியது என்று எழுதிவைக்கவில்லை. நாலரைக் கோடி என்பது மதிப்பீடாகவே நிற்பதும் இதனால்தான். மாதம் கட்ட வேண்டாம் என்பதற்காக வந்த அந்த வீடுகளின் முகவரி பிரசார் பாரதியிடம் இல்லை.